காற்றுக்கு ஒதுங்குவது: தெரியாத ஒருவரின் பின்சில்லை ஒட்டி ஓடலாமா?

ஆடி மாதம், விடிகாலை ஐந்தே முக்கால். கொழும்பில் கொள்ளுப்பிட்டியிலிருந்து மரைன் டிரைவ் வழியாக வெள்ளவத்தைப் பக்கம் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறீர்கள். வலது பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். அங்கிருந்து காற்று முகத்தில் சாய்வாக அறைகிறது. 22 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கவே தொடை எரிகிறது. அப்போது ஒருவர் உங்களைக் கடந்து போகிறார். முன்பின் தெரியாதவர். நீல ஜேர்சி, சீரான மிதி, 27 இருக்கும். நாலு மிதி அழுத்தி மிதித்தால் அவருடைய முதுகுக்குப் பின்னால் போய்விடலாம். போனால் காற்று நின்றுவிடும்.

போகலாமா?

2022இல் பெற்றோல் வரிசைக்குப் பயந்து சைக்கிளுக்கு மாறியவர்களில் நானும் ஒருவன். முதலில் அலுவலகம் போக ஒரு பழைய லுமாலா. பெற்றோல் திரும்பி வந்த பிறகும் விட மனமில்லை. அப்புறம் வளைந்த ஹாண்டில் வைத்த ரோட் பைக் ஒன்று வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு வருகிறது. சும்மா ஒட்டிக்கொள்வதா, கேட்டுவிட்டு ஒட்டுவதா, தள்ளி நின்று ஓடுவதா, முந்திப் போவதா, இதெல்லாம் வேண்டாம் என்று தெரிந்தவர்களோடு மட்டும் போவதா? ஐந்தையும் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் முழங்கைத் தோலையும் கொடுத்திருக்கிறேன்.

முதலில், இதில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். மட்டமான வீதியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது உங்கள் உழைப்பில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. மிச்சம்தான் ரயரும் செயினும் தின்பது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதைத் தள்ளத் தேவையான சக்தியோ வேகத்தின் கனமாக ஏறும். 20இலிருந்து 25க்குப் போவது லேசு, 30இலிருந்து 35க்குப் போவது நாக்குத் தள்ளுவது அதனால்தான். இன்னொருவரின் பின்னால் ஓடுகிறவருடைய ஒக்சிஜன் தேவையை அளந்து 1990இல் ஓர் ஆய்வு வந்தது. 32 கிலோமீட்டர் வேகத்தில் 18 சதவீதமும், 40இல் 27 சதவீதமும் குறைந்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. சின்ன விஷயமில்லை. கொழுப்பைக் குறைக்கவென்று ஓடுகிறவருக்கு வேண்டுமானால் நட்டம் என்று சொல்லலாம்.

ஆனால் 15 கிலோமீட்டர் வேகத்தில் அலுவலகம் போகிறவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. அந்த வேகத்தில் காற்று பெரிய எதிரியே அல்ல. காலி நகருக்குப் போகும் காலி வீதியில் வாகன நெரிசலுக்குள் இன்னொரு சைக்கிளின் பின்னால் அரை மீற்றரில் ஒட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபத்து முழுசாக அவர்களுக்கு, லாபம் ஒரு சதத்துக்கும் இல்லை. கீழே சொல்வதெல்லாம் 25க்கு மேல் ஓடுகிறவர்களுக்கு.

சரி, முதல் வழி: ஒன்றும் சொல்லாமல் போய் ஒட்டிக்கொள்வது. கொழும்பில் நான் பார்த்தவரை பெரும்பாலானோர் செய்வது இதைத்தான். அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள்: காற்று அவருடைய சொத்தா என்ன? நான் ஒதுங்கியதால் அவருக்கு ஏதாவது குறைந்ததா? குறையவில்லை என்பது உண்மை. பின்னால் ஒருவர் நெருங்கி வந்தால் முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் சுழலும் காற்று கொஞ்சம் அடங்கி, அவருக்கும் ஓரிரு சதவீதம் லாபம்தான். மழைக்கு யாரோ ஒருவரின் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்குவதற்கு நாம் அனுமதி கேட்பதில்லையே என்று நானும் நினைத்துக்கொண்டுதான் ஓடினேன்.

தொடக்கத்தில் சொன்ன அந்த நீல ஜேர்சிக்காரரின் பின்னால் நான் போனேன், அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு நோக்கிப் போகும்போது தென்மேற்குக் காற்று வலது முன்பக்கத்திலிருந்து வரும். அப்படியானால் ஒதுக்கு எங்கே இருக்கும்? நேர் பின்னால் இல்லை. பின்னால் கொஞ்சம் இடது பக்கமாக, கட்டடங்களும் வடிகால் மூடிகளும் இருக்கிற ஓரமாக. அந்த இடத்தைத் தேடித் தேடி என் முன்சில்லு அவருடைய பின்சில்லுக்குப் பக்கத்தில், ஒரு சாண் உள்ளே போய்விட்டது. காற்று நின்றது, காது அமைதியானது, கால் இலேசானது. பம்பலப்பிட்டி தாண்டி ஒரு நிமிடம் இருக்கும், தண்டவாளப் பக்கமிருந்து நாய் ஒன்று குறுக்கே வந்தது. அவர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்: அரை அடி இடது பக்கம் ஒதுங்கினார். அந்த அரை அடியில் நான் இருந்தேன். ரயரும் ரயரும் உரசுகிற ஒரு சத்தம், இறைச்சி பொரியத் தொடங்கும்போது கேட்பது போல. அடுத்து நடைபாதைக் கல்லில் என் முழங்கை. சில்லுகள் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவர்தான். முன்னால் இருப்பவரின் பின்சில்லு திசை திருப்புவதில்லை, அது தட்டுப்பட்டாலும் நேரே போகும். நம்முடைய முன்சில்லுதான் நம்மை நிமிர்த்தி வைத்திருப்பது, அது அடைபட்டால் கதை முடிந்தது.

அவர் திரும்பி வந்தார். கோபப்படவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கையில் ஊற்றிக்கொண்டே சிங்களத்தில் கேட்டார்: “நீங்கள் பின்னாலேயே வந்தீர்களா?”

அந்தக் கேள்விதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரியாது. தனியே ஓடுகிற மனிதர் தனியே ஓடுகிறவர் மாதிரித்தான் ஓடுவார்: குழி கண்டால் வெட்டுவார், தண்ணீர் குடிக்க மிதிப்பதை நிறுத்துவார், மூக்கைச் சிந்துவார், எழுந்து நின்று மிதிப்பார். எழுந்து நிற்கிற அந்தக் கணத்தில் சைக்கிள் ஒரு கையளவு பின்னால் வருவது போல இருக்கும், பின்னால் ஒட்டியிருந்தால் அதுவே போதும். பின்னால் ஆள் இருப்பது தெரிந்தால் இதில் எதையும் அவர் இப்படிச் செய்யமாட்டார். அவருடைய காற்றை எடுப்பது பிரச்சினையே இல்லை. அவருடைய கண்களை எடுக்கிறோம். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்கு எட்டு மீற்றருக்கு மேல். அரை மீற்றர் இடைவெளியில் எதையும் பார்த்துப் பிரேக் பிடிக்க நேரமில்லை. வீதியை உங்களுக்கும் சேர்த்து அவர் பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் எப்படிப் பார்ப்பார்? தாழ்வாரத்தில் நிற்கக் கேட்க வேண்டியதில்லை என்பது சரி. இது வீட்டுக்காரரின் கண்ணாடியைக் கழற்றி நாம் போட்டுக்கொள்வது.

சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்து பச்சை வரும்போது சில செக்கன்கள் ஒருவர் பின்னால் இருப்பதற்கும், முந்துவதற்கு முன் நெருங்குவதற்கும் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அரை நிமிடம் தாண்டினால்தான் கணக்கு.

இரண்டாவது வழி கேட்பது. இதைத்தான் நான் இப்போது செய்கிறேன், இதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். ஆனால் கேட்பதில் இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு: எந்த மொழியில்? ஹெல்மெட்டுக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் பின்னால் இருப்பவர் தமிழா சிங்களமா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் “அய்யே, பிட்டிபஸ்ஸென் என்னத?” (அண்ணா, பின்னால் வரட்டுமா?) என்று சிங்களத்தில் தொடங்குவேன். பத்துக்கு ஒன்பது பேர் “ஹரி, ஹரி” என்று தலையாட்டுவார்கள். ஒரு முறை வெள்ளவத்தைச் சந்திக்குக் கிட்ட ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “வாரும் தம்பி, தமிழிலேயே கேக்கலாம்” என்றார். என் சிங்களம் அவ்வளவு அழகு. ஆங்கிலத்தில் கேட்டாலும் குற்றமில்லை. நான்கு சொல், அவ்வளவுதான்.

எங்கிருந்து கேட்பது என்பதும் முக்கியம். பின்னாலிருந்து கத்தினால் அவர் திடுக்கிட்டுத் திரும்புவார். திரும்பும்போது ஹாண்டிலும் திரும்பும். பக்கத்தில், வலப்புறமாக, அவருடைய கண்ணில் படும் இடத்துக்குப் போய், வீதியில் வாகனம் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டுவிட்டுப் பின்னால் வாருங்கள். இதற்கு ஓர் அரை நிமிடக் காற்றை நீங்களே வாங்க வேண்டும். அந்த விலை நியாயமானது. அந்த அரை நிமிடம் கூட அவருடைய வேகத்தில் பக்கத்தில் ஓட முடியவில்லை என்றால், அவர் பின்னால் போனாலும் ஐந்து நிமிடத்தில் கழன்றுவிடுவீர்கள்.

கேட்டுவிட்டால் எல்லாம் மாறிவிடுகிறது. குழி வந்தால் அவர் இடுப்புக்குக் கீழே கையை நீட்டிக் காட்டத் தொடங்குவார். ஓட்டோ நின்றால் வலது பக்கம் விலகுமாறு முதுகுக்குப் பின்னால் கையசைப்பார். பிரேக்கைத் திடீரென்று பிடிக்கமாட்டார். நீங்களும் உங்கள் பங்குக்கு: கை எப்போதும் பிரேக்கின் மேலே, குனிந்து முழங்கையை ஹாண்டிலில் வைத்து ஓடும் வேலை அங்கே வேண்டாம், சில்லுக்குள் சில்லு விட வேண்டாம், அவருடைய ரயரையே முறைத்துப் பார்க்காமல் தோளுக்கு மேலாக முன்னால் பார்க்க வேண்டும். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டாலும் ஒதுக்கில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தெரியாத ஆளிடம் அதற்கு மேல் கிட்டப் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மழைத் தண்ணீர் நிற்கிற நாளில் அந்த நீளமும் போதாது. அவருடைய பின்சில்லு வாரி இறைக்கிற சேற்றை வாயில் வாங்க நேரும். கொழும்பு வீதித் தண்ணீரில் என்னவெல்லாம் இருக்கும் என்று நான் விளக்க வேண்டுமா?

முன்னால் போய் மாறிமாறி இழுக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். இதில் பலர் செய்கிற பிழை, நன்றிக்கடனை அடைக்கிறேன் என்று முன்னால் பாய்ந்து போய் வேகத்தை மூன்று நான்கு கிலோமீட்டர் கூட்டிவிடுவது. பக்கத்தில் ஓடும்போது அரைச் சில்லு முந்தி முந்தி இழுப்பது இன்னொன்று. அவர் தன் பயிற்சிக்கு ஒரு வேகம் வைத்து ஓடிக்கொண்டிருக்கலாம். அதே வேகத்தில் முன்னால் இரண்டு நிமிடம் இருக்க முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் “எனக்குப் பலமில்லை, பின்னாலேயே இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டால் யாரும் குறையாக நினைப்பதில்லை. சொல்லாமல் பின்னாலேயே கிடந்துவிட்டுக் கடைசியில் முந்திப் பாய்பவரைத்தான் பிறகு தேநீர்க் கடையில் வைத்துக் கதைப்பார்கள். பந்தயத்தில் அது தந்திரம், யாரும் குறை சொல்ல முடியாது. ஞாயிறு காலையில் அது வேறு.

காதில் இயர்போன் செருகியிருப்பவரிடம் கேட்க முடியாது. அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாவிட்டால் அனுமதி கேட்டதாகவே ஆகாது, மூன்றாவது வழிக்குப் போங்கள்.

மூன்றாவது, தள்ளி நின்று அவரை அளவாக வைத்து ஓடுவது. இதை மட்டமாக நினைக்கிறார்கள், எனக்கோ இரண்டாவது இடத்தில் இருப்பது இதுதான். 2018இல் காலிமுகத்திடல் பக்கம், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயன்மேன் 70.3 போட்டி முதல் தடவையாக நடந்தது. 90 கிலோமீட்டர் சைக்கிள். அந்த வகைப் போட்டிகளில் வயதுப் பிரிவில் ஓடுகிறவர்கள் முன்னால் போகும் சைக்கிளிலிருந்து 12 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும், முந்துவதானால் 25 செக்கனுக்குள் முந்திவிட வேண்டும், மீறினால் தண்டனை. ஏறக்குறைய ஏழு சைக்கிள் நீளம். அந்தத் தூரத்தில் காற்று லாபம் கொஞ்சம்தான். ஆனால் ஒருவரின் முதுகு முன்னால் இருப்பதே கால்களை இழுத்துக்கொண்டு போகும். தனியே என்றால் 26இல் சோர்ந்துவிடுகிற நான், முன்னால் ஒருவர் போனால் 28 பிடிக்கிறேன். காரணம் காற்றல்ல, ரோசம். வீதி முழுக்க என் கண்ணுக்குத் தெரிகிறது, யாருக்கும் நான் கடன்படவில்லை, நாய் வந்தால் எனக்கே பிரேக் பிடிக்க நேரம் இருக்கிறது. நாடாளுமன்றத்தைச் சுற்றி, பத்தரமுல்லைப் பக்கம் அகலமான வீதிகளில் இது இன்னும் சுகம். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஐந்தாறு மீற்றர் என்பதுதான் மோசமான தூரம்: ஒதுக்கும் பாதிதான், ஆனால் அவருக்கு யாரோ துரத்துவது போல இருக்கும்.

அது பெண்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு தோழி சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. விடியாத நேரம், மரைன் டிரைவில் ஆள் நடமாட்டம் குறைவு, பின்னால் ஒரு ஆணின் சைக்கிள் செயின் சத்தம் விலகாமல் வருகிறது. அவள் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடுகிறது, குறைத்தால் அதுவும் குறைகிறது. “காத்துக்கு வாறானா வேற எதுக்கும் வாறானா என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. தனியே போகிற பெண்ணின் பின்னால் நான் இப்போது போவதே இல்லை, கேட்டும் போவதில்லை. இருட்டில் தெரியாத ஆள் கேட்கும்போது “வேண்டாம்” என்று சொல்வதும் அவளுக்கு லேசான காரியமில்லை. வணக்கம் சொல்லி முந்திப் போய்விடுவேன், அல்லது நன்றாகப் பின்தங்கிவிடுவேன். அவளாகக் கூப்பிட்டால் அது வேறு கதை.

முந்திப் போவது நான்காவது வழி. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முந்தினால் முந்திக்கொண்டே போக வேண்டும். முந்திவிட்டு முன்னால் போய் மூச்சு வாங்கி வேகம் குறைப்பவர்கள், பேருந்து நிறுத்தத்தில் முந்தி வந்து குறுக்கே நிறுத்துகிற தனியார் பேருந்துச் சாரதிகளின் இனம். பேருந்து என்றதும் ஞாபகம் வருகிறது: காலி வீதியில் 100ஆம் இலக்கப் பேருந்தின் பின்னால் ஒட்டினால் 45 கூட வரும் என்று பெருமையடிக்கும் பொடியன்களுக்குச் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான். அந்தப் பேருந்து கைகாட்டுகிற பயணி ஒவ்வொருவருக்கும் நிற்கும். உங்களைக் கேட்டு நிற்காது. யன்னலால் துப்புகிற வெற்றிலையைப் பற்றி நான் சொல்லவில்லை.

ஐந்தாவது, தெரிந்தவர்களோடு போவது. ஞாயிறு காலையில் கறுவாத்தோட்டப் பக்கம், சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிப் போய்ப் பாருங்கள், கூட்டம் கூட்டமாக ஓடுவார்கள். ஒதுக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் இதற்கு நிகர் இல்லை. முன்னே சொன்ன அதே ஆய்வில், எட்டுப் பேர் கொண்ட கூட்டத்தின் பின்னால் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியவருக்கு 39 சதவீதம் மிச்சம். கைச்சாடை எல்லாருக்கும் ஒன்று, யார் முன்னால் யார் பின்னால் என்று ஒழுங்கு உண்டு, விழுந்தால் வீட்டுக்கு அறிவிக்க ஆள் உண்டு. என் குறை ஒன்றுதான்: அவர்களுடைய நேரத்துக்கு எழும்ப வேண்டும், அவர்களுடைய வேகத்துக்கு ஓட வேண்டும், முடிவில் ஒரு மணி நேரம் தேநீர் குடிக்க வேண்டும். ஆறே முக்காலுக்குப் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட வேண்டியவனுக்கு வாரநாளில் இது சரிவராது. புதிதாகத் தொடங்குபவர் மட்டும் முதல் இரண்டு மூன்று மாதம் இப்படி ஓடிப் பழகிவிட்டுத் தெரியாதவர்களிடம் போனால் நல்லது. தெரியாதவரின் பின்சில்லு பழகுகிற இடமல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் நாம் பின்னால் வரும்போது. நம் பின்னால் ஒருவர் வந்தால்? தெரிந்துகொள்வது லேசு: நீங்கள் மிதித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு ‘டிக் டிக்’ கேட்டால் ஆள் இருக்கிறார், மிதிக்காமல் உருளும் சைக்கிளின் சத்தம் அது. ஆளைக் கழற்றுவதற்காகப் பிரேக் பிடிப்பதோ வளைந்து வளைந்து ஓடுவதோ கூடாது. ஏற்கெனவே சொன்ன மாதிரி விழப்போவது அவர். எனக்குப் பிடிக்காத நாளில் இடது கையை நீட்டிக் கொஞ்சம் ஓரமாகி, “போங்கள் போங்கள்” என்று முன்னால் விட்டுவிடுவேன். பத்தில் எட்டுப் பேர் வெட்கப்பட்டு முந்திப் போய்விடுவார்கள். மற்ற நாட்களில் நானே திரும்பி, “பின்னாலயா? சரி, வாங்கோ” என்று சொல்லிவிடுவேன். கேட்க வேண்டியது அவர்தான். கேட்கவில்லை என்பதற்காக என் பின்சில்லில் அவரை விழ வைக்க முடியுமா?

விலகும்போதும் சொல்லிவிட்டு விலக வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், எனக்கு நடக்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன தை மாதம், வடக்கே கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகிறேன், வாடைக் காற்று முன்னால். ஒரு பொடியன் பக்கத்தில் வந்து மிகவும் மரியாதையாக, “அண்ணா, பின்னால வரட்டா?” என்று கேட்டான். மனம் குளிர்ந்துவிட்டது. அவனுக்காகவே ஒழுங்காக ஓடினேன். ஒவ்வொரு குழிக்கும் கையைக் கீழே நீட்டிக் காட்டினேன், உடைந்த வடிகால் மூடிக்கு இரண்டு முறை காட்டினேன், நின்ற ஓட்டோவுக்கு முதுகில் கையசைத்தேன், நாய்க்கு “நாய்!” என்று சத்தம் போட்டேன். கொள்ளுப்பிட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, “தம்பி, நான் இதில திரும்பப் போறன்” என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பம்பலப்பிட்டியிலேயே ஒழுங்கைக்குள் திரும்பியிருப்பான். ரயிலுக்கு நின்ற இரண்டு பேர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.